பித்தளைச் சாமானுக்கு ஈயம் பூச எந்த அடுப்பு? கரண்டி முதல் அண்டா வரை

செட்டிநாட்டு வீடுகளில் கிடங்கைத் திறந்தால் தவலையும் சருவமும் அண்டாவும் கொப்பரையும் அடுக்கடுக்காக இருக்கும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வெளியே வருகிற சாமான்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய பித்தளை வாங்கிப் போகிறவர்களும் இப்போது அதிகம். வாங்கியதைச் சமையலுக்கு எடுக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூச வேண்டும். தெருவில் கூவிக்கொண்டு வருகிற ஈயம் பூசுகிறவர் அருகிவிட்டார். அதனால் பலரும் வீட்டுப் பின்கட்டில் தாங்களே பூசிப் பார்க்கிறார்கள், பாதியில் கைவிடுகிறார்கள். கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் குறைவு இல்லை, தவறான அடுப்பு.

ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கால் பங்கு நெருப்பைப் பற்றித்தான். பூசும் முறை அதற்குப் பிறகு.

முதலில் ஒரு கணக்கு

"வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், வீட்டு கேஸ் அடுப்பின் தீ ஆயிரம் டிகிரிக்கு மேல், பிறகென்ன?" என்று தோன்றும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஈயத்தை உருக்குவது வேலையே இல்லை. 30 கிராம் ஈயத்தை அறை வெப்பத்திலிருந்து உருக்கிவிட ஏறக்குறைய 3 கிலோஜூல் போதும். அது போய் ஒட்ட வேண்டிய 5 கிலோ பித்தளைத் தவலையை 30 டிகிரியிலிருந்து 260 டிகிரிக்கு ஏற்ற 430 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அடுப்பைத் தேர்வது ஈயத்துக்காக இல்லை, பாத்திரத்துக்காக.

அதோடு கணக்கு முடியவில்லை. சூடான பாத்திரம் எல்லாப் பக்கமும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். 250 டிகிரியில் இருக்கும் பித்தளை, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் காற்றில் விடும். 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள ஒரு சருவத்தின் உள்ளும் புறமும் சேர்த்தால் அரை சதுர மீட்டர். அதாவது ஒன்றரை கிலோவாட் சும்மா போகிறது. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மொத்தமே மூன்று கிலோவாட் அளவுதான், அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறினால் பெரிது. வரவு ஒன்று, செலவு ஒன்றரை. அடிப்பாகம் சுட்டுக் கிடக்கும், விளிம்பு 150 டிகிரியைக்கூடத் தாண்டாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இதே நிலைதான்.

ஈயம் ஒழுங்காகப் பிடிக்கும் இடைவெளியும் குறுகல். 232-க்குக் கீழே உறைந்துவிடும். 300-ஐத் தாண்டினால் வேகமாகக் கருகி மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும். 340-ஐ நெருங்கினால் நவச்சாரம் (ஈயம் ஒட்டுவதற்காகப் பித்தளையில் தூவித் தேய்க்கும் உப்பு) வேலை செய்வதற்குள் புகையாகப் போய்விடும். 240-இலிருந்து 280 வரைதான் நல்ல இடம். எனவே அடுப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பாத்திரம் இழப்பதைவிட அதிகமாகக் கொடுக்குமா? ஒரே இடத்தில் குத்தாமல் பரப்பிக் கொடுக்குமா? நிறுத்து என்றால் சில நொடியில் நிற்குமா? தீயின் உச்ச வெப்பம் எத்தனை டிகிரி என்பது கேட்கவே தேவையில்லாத கேள்வி.

கரி உலை: பெரிய சாமானுக்கு இதற்கு ஈடு இல்லை

ஒரு கிலோ நல்ல கரி ஒரு மணி நேரத்தில் எரிந்தால் எட்டு கிலோவாட் கொடுக்கும். தணல் கீழிருந்து மட்டும் சுடாது, பக்கவாட்டிலும் கதிராக வீசும். பாத்திரத்தைப் படுக்க வைத்து உருட்டலாம், எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஊதினால் ஏறும், ஊதுவதை நிறுத்தினால் உடனே தணியும். மேலே கேட்ட மூன்றுக்கும் இது ஆம் என்கிறது. ஈயம் பூசுகிறவர்கள் இத்தனை காலம் துருத்தியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது வேறு வழி தெரியாமல் இல்லை.

இடம் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் வேண்டாம். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்டால் ஆனது. தணல் விழுந்தால் வெடிக்கும், சுத்தம் செய்யும் அமிலம் பட்டால் பூவேலை அரித்துப் போகும், மாற்றுக் கல் அதே வண்ணத்தில் கிடைக்காது. முற்றம் வானம் பார்த்திருந்தாலும் சுற்றிலும் தேக்கு மரம். கரிப்புகை என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அது மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். தோட்டத்தில், மண் தரையில், காற்று ஓடும் இடத்தில் வையுங்கள். ஆடிக் காற்று வீசும் நாளில் தொடவே வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமானால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

குழி மேலே 40 செ.மீ. அகலம், ஆழம் 20 செ.மீ., கிண்ணம் போல அடி குறுகலாக. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் ஒரு அங்குல இரும்புக் குழாய் நுழைய வேண்டும். கருப்பு இரும்புக் குழாயாகப் பாருங்கள். தண்ணீருக்குப் போடுகிற துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் சூடேறினால் துத்தநாகப் புகை வரும், அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமுமாகப் படுக்க வைத்துவிடும். உட்பூச்சுக்கு இந்த வட்டாரச் செம்மண்ணே போதும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கையளவு உமி சேர்த்துக் குழைத்து 3 செ.மீ. கனத்துக்குப் பூசி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, பிறகு சிறு தீ போட்டுச் சுட வேண்டும். ஈரத்தோடு தணல் போட்டால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

ஊதுவதற்குத் தோல் துருத்தி இருந்தால் சரி. கையால் சுற்றுகிற சக்கர ப்ளோயர் இன்னும் வசதி. மின்சார ப்ளோயர் வாங்கினால் காற்றைக் குறைக்கும் மூடி உள்ளதாக வாங்குங்கள், அல்லது வாய்க்குக் குறுக்கே நகர்த்தும்படி ஒரு தகடு பொருத்துங்கள். மூடியில்லாத ப்ளோயர் முழு வேகத்தில் ஊதினால் குழாய் வாயில் உள்ள தணல் பித்தளையே உருகும் அளவுக்குப் போகும். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரிக்கு மேல் உருகும், ஊதிய தணல் அதைச் சுலபமாகத் தாண்டும். நூறாண்டுத் தவலையின் அடியில் ஓட்டை விழுவது இப்படித்தான். குழாய் வாய்க்கு நேர் மேலே பாத்திரத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலங்கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கனமான கரி, தணல் நெடுநேரம் நிற்கும், பெரிய சாமானுக்கு அதுதான் சரி. சிரட்டைக் கரி சட்டென்று பற்றும், சட்டென்று தீர்ந்தும் போகும். உலையைப் பற்ற வைக்கவும், சிறு சாமானுக்கும் ஏற்றது. எதுவானாலும் எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துக் கொள்ளுங்கள். தூளைச் சலித்துத் தள்ளுங்கள், தூள் காற்றை அடைக்கும். முழுதாக வேகாத கரி மஞ்சள் புகை விடும். அந்தப் புகை பாத்திரத்தின் உள்ளே தார் மாதிரிப் படிந்தால் அந்த இடத்தில் ஈயம் ஏறவே ஏறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கரி பொரிந்து தெறிக்கும், ஒரு நாள் வெயில் காட்டிய பிறகு எடுங்கள். பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், காய்ந்த தென்னம்பாளை போதும். தொடக்கத்துக்கு இரண்டு கிலோ கரி, பிறகு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ என்று வைத்துக் கொள்ளலாம். புகை முழுவதும் அடங்கி, தணல் மேலே வெண்சாம்பல் பூத்த பிறகுதான் பாத்திரம்.

கேஸ்: சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும்

வீட்டு அடுப்பு ஒரு கிலோவுக்குள் உள்ள சாமானுக்குப் போதும். சிறு கிண்ணம், டம்ளர், உயரம் குறைந்த இலுப்பச்சட்டி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். அடுக்களைக்குள் நவச்சாரம் போடுவதும் சரியில்லை, புகை மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், பக்கத்தில் உள்ள இரும்புச் சாமான் எல்லாம் இரண்டு நாளில் துருவேறும்.

கல்யாணச் சமையல்காரர்கள் வைக்கிற ஹை-பிரஷர் பர்னர் வேறு ரகம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரோடு வரும், வீட்டு பர்னரைப் போலப் பல மடங்கு வெப்பம் கொடுக்கும். மூன்று, நான்கு கிலோ வரையுள்ள சருவத்துக்கு இதைக் கொண்டே பூசிவிடலாம். இதன் குறை, தீ வளையமாக எரிவது. அடியில் வளையம் ஒன்று 350-க்குப் போயிருக்கும், நடுவும் பக்கமும் 200-இல் நிற்கும். ஈயம் வளையத்தில் கருகும், மற்ற இடத்தில் உறையும். இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

பர்னர் மேல் 3 மி.மீ. கனத்தில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து, அதன் மேல் பாத்திரத்தை வையுங்கள். தீயின் குத்தல் தகட்டோடு நின்று, சூடு பரவும். அடுத்தது, பாத்திரத்தைச் சுற்றி ஒரு சட்டை. பழைய எண்ணெய் டின்னையோ டிரம்மையோ வெட்டி, பாத்திரத்தைவிட இரண்டு பக்கமும் 5 செ.மீ. அகலமான வளையமாக்கி, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை நிற்கும்படி வையுங்கள். அடியில் காற்று நுழைய நான்கு கல் கொடுத்துத் தூக்குங்கள். வெந்த காற்று வெளியே சிதறாமல் பாத்திரத்தின் பக்கத்தைத் தடவிக்கொண்டு மேலேறும். இழப்பும் குறையும். இந்த ஒரு தகரம் இல்லாமல்தான் பலர் இன்னும் பெரிய பர்னர் வாங்கப் போகிறார்கள். தகரத்தின் மேல் பெயிண்ட், துத்தநாகப் பூச்சு இருந்தால் முதலில் வெளியே வைத்துச் சுட்டு எரித்துவிட்டு, ஆள் தள்ளி நின்று, புகை போன பிறகு பயன்படுத்துங்கள்.

சிலிண்டர் அடுப்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, நிமிர்ந்து, காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹை-பிரஷர் பர்னரை 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரில் மாட்டுவது விதிப்படியும் தவறு, அந்த ரப்பர் குழாய்க்கும் ஆகாது. 19 கிலோ சிலிண்டரும் அதற்குரிய குழாயும் வேண்டும். தணல் உலைக்கு அருகில் சிலிண்டர் நிற்கவே கூடாது.

கையில் பிடிக்கிற கேஸ் டார்ச்சை முதன்மை அடுப்பாக நினைக்காதீர்கள், துணைக்கு வைத்துக் கொள்ளுங்கள். அடியில் பர்னர் எரிய, விளிம்புக்கும் கழுத்துக்கும் வெளிப்புறமாக டார்ச் காட்டினால் குளிர்ந்த இடம் நிரவிவிடும். உள்ளே காட்டினால் தீ ஈயத்தையே எரித்து மேலே சாம்பல் ஆடை கட்டும். முன்பு இதே வேலைக்கு மண்ணெண்ணெய் ப்ளோலாம்ப் இருந்தது. தீ குத்தலானது, கை பழகியவருக்கு ஒட்டுப்போடும் வேலையில் உதவும், முழுப் பாத்திரம் பூச உதவாது.

விறகைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தீ நாக்கு ஆடும், புகை உள்ளே புகும், கரி படியும். விறகை எரித்துத் தணலாக்கிய பிறகு வேண்டுமானால் வைக்கலாம். அப்போது அது கரி உலைதான்.

மின்சாரம்

இண்டக்ஷன் அடுப்பில் பித்தளையும் செம்பும் ஏறாது. காந்தம் ஒட்டாத, மின்சாரத்தை எளிதில் கடத்துகிற உலோகம் அதில் சூடாகாது, அடுப்பே "பாத்திரம் இல்லை" என்று நின்றுவிடும். சுருள் கம்பி ஹாட் பிளேட் 1.5, 2 கிலோவாட்டில் கிடைக்கும். தட்டையான அடியுள்ள சிறு சாமானுக்கு நல்லது, ஆனால் அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் சுட்டுக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 2 கிலோவாட் ஹீட் கன் கரண்டிக்கும் டம்ளருக்கும் சொக்கத் தங்கம். புகையில்லை, கரியில்லை, பரவலாகச் சுடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அரை கிலோவுக்கு மேல் போனால் தோற்கும்.

ஹாட் பிளேட்டுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. நிறையக் கரண்டி, சட்டுவம், பிடி இருக்கிற சாமான் என்றால் ஒவ்வொன்றாகப் பூசாமல், வார்ப்பிரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கி முக்கி எடுக்கலாம். மூன்று கிலோ ஈயம் நானூறு மில்லி அளவுக்குத்தான் வரும், எனவே குறுகலான ஆழச் சட்டி தேர்ந்தெடுங்கள். 250 முதல் 270 டிகிரிக்குள் வைத்து, மேலே மிதக்கும் ஆடையை ஒதுக்கிவிட்டு, நவச்சாரம் தொட்ட கரண்டியை முக்கி, பத்து நொடியில் எடுத்து உதறித் துடைக்க வேண்டும். முக்கும் சாமானில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். முதலில் சட்டியின் விளிம்பில் வைத்து உலர்த்தி, பிறகுதான் முக்குங்கள். வலைக்குண்டுக்கோ வேறெதற்கோ காரீயம் (நச்சுள்ள வேறு உலோகம்) உருக்கிய சட்டியை இதற்கு எடுக்கவே கூடாது.

மின்முலாமாகவும் ஈயம் ஏற்றலாம், நெருப்பே வேண்டாம். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிக்கு அது புது விஷயமில்லைதான். ஆனால் ஓர் அண்டாவை முழுக்கக் கொள்ளும் தொட்டியை யாரும் பின்கட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

எந்தச் சாமானுக்கு எது

கரண்டி, டம்ளர், சிறு கிண்ணம்: ஹீட் கன் அல்லது வீட்டு அடுப்பு, வெளியில் வைத்து. ஒன்று முதல் நான்கு கிலோ வரை, வாயகன்ற சருவம், சட்டி: ஹை-பிரஷர் பர்னர், தகடு, சட்டை, டார்ச் துணை. தவலை கொஞ்சம் தந்திரக்காரச் சாமான். எடை நான்கு கிலோவாக இருந்தாலும் வயிறு பருத்துக் கழுத்து சிறுத்திருப்பதால் அடித் தீ தோளுக்கு எட்டாது, கையும் உள்ளே போகாது. தவலைக்குக் கரி உலைதான். படுக்க வைத்து உருட்டி, இரும்புக் கம்பி முனையில் பஞ்சு கட்டித் துடைக்க வேண்டும். அண்டாவும் கொப்பரையும் கேள்வியே இல்லாமல் கரி உலை. அதிலும் முழுவதையும் ஒரே நேரத்தில் சூடாக்க முயலாதீர்கள். கால் பாகம் கால் பாகமாகத் தணலில் காட்டிப் பூசி, முந்திய பாகத்தின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் மேலேறிப் பூசிக்கொண்டு போக வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஊதி உருட்ட, ஒருவர் பூச.

அடுப்பேற்றுவதற்கு முன்

பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, ஒட்டுகளைத் தேடுங்கள். பழைய சாமானின் பல் வெட்டிய மூட்டு பற்றாசு (உலோகத்தை ஒட்டவைக்கும் கலவை) வைத்து ஊதியது, அது தாங்கும். மூக்கு, கைப்பிடி, பிற்பாடு அடைத்த ஓட்டை போன்றவை சாம்பல் நிற மென்பற்றாசாக இருந்தால் அதில் காரீயம் இருக்கிறது, 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உங்கள் ஈயம் உருகுவதற்கு முன்பே மூக்கு கழன்று தணலில் விழும், காரீயம் உள்ளே ஓடும். அப்படிப்பட்ட சாமானை அலமாரியில் அழகுக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

ஈயம் வாங்கும்போதும் அதே எச்சரிக்கை. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை, கலப்படத்துக்கு அதுவே காரணம். புளிக்குழம்பு கொதிக்கும் சாமானில் காரீயம் கலந்தால் அது உணவோடு உடம்பில் சேரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சோதனை மூன்று. குச்சியைக் காதருகே வைத்து வளையுங்கள்: சுத்தமான வெள்ளீயம் நறநறவென்று ஒலிக்கும், காரீயம் ஊமையாக வளையும். வெள்ளைத் தாளில் இழுங்கள்: காரீயம் பென்சில் போலக் கரிய கோடு போடும். அளவு ஜாடியில் தண்ணீர் வைத்து 100 கிராம் குச்சியை முக்குங்கள்: வெள்ளீயம் தண்ணீரை 13.7 மில்லி ஏற்றும், காரீயம் 8.8 மில்லிதான் ஏற்றும். நடுவில் எங்காவது நின்றால் கலப்படம். ரேடியோ கடையில் விற்கும் பற்றாசுக் கம்பியை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும்? பூச்சு 30 மைக்ரான் என்று வைத்தால் ஆயிரம் சதுர செ.மீ. பரப்புக்கு 22 கிராம். முன்பு சொன்ன சருவத்தின் உட்புறம் ஏறக்குறைய 2,600 சதுர செ.மீ., ஆக 57 கிராம். நன்றாகத் துடைக்கத் தெரிந்த கை இதில் பாதியில் முடிக்கும்.

சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கு போக, லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு புளியும் உப்பும் மணலும் போட்டுத் தேய்த்தல். களிம்பு முற்றியிருந்தால் கடை ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் பூக்கும், அப்போது மறுபடி மணல் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவி, துடைத்து, விரல் படாமல் அன்றே பூசிவிடுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் ரேகை வடிவத்திலேயே ஈயம் விட்டுப்போகும்.

பூசுதல்

பருத்தித் துணி உடுத்துங்கள், நைலான் ஆகாது. கண்ணாடி, தோல் கையுறை, நீண்ட இடுக்கி. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தூசிக்குக் கட்டுகிற முகமூடி நவச்சாரப் புகையைத் தடுக்காது.

பாத்திரத்தை வெளிப்புறமாகவே சூடாக்குங்கள், நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே. சூடு அறிய ஈயக் குச்சியே போதும். உட்புறத்தில் தொட்டால் ஒட்டாமல் வழுக்கினால் இன்னும் வேண்டும், வெண்ணெய் மாதிரி இழைந்தால் பதம். தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் வெப்பமானி பளபளப்பான பித்தளையில் பொய் சொல்லும், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். வெளிப்புறத்தில் ஓரிடத்தில் விளக்குக் கரியைத் தடவி அந்த இடத்தில் குறிவைத்தால் ஓரளவு சரியாக வரும். தண்ணீர் தெளித்துப் பார்க்கிற வழக்கம் இங்கே வேண்டாம்.

பதம் வந்ததும் தீயைக் குறையுங்கள் அல்லது ஊதுவதை நிறுத்துங்கள். ஒரு சிட்டிகை நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேயுங்கள். வெண்புகை எழும், பித்தளை சட்டென்று பளிச்சிடும். அந்தப் பளிச்சின் மேல் குச்சியை இழுத்து, அடுத்த ஐந்து, பத்து நொடிக்குள் பஞ்சால் வட்டமாகப் பரப்புங்கள். முதலில் அடி, பிறகு பக்கம், கடைசியில் விளிம்பு. பஞ்சு உலர்ந்ததாக இருக்க வேண்டும், கருகினால் மாற்ற வேண்டும். கடைசியாகப் புதுப் பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்து எடுத்தால் மிச்ச ஈயம் வந்துவிடும், கண்ணாடிப் பளபளப்பும் வரும். சிறு சாமானை உடனே தண்ணீரில் முக்கலாம். அண்டாவை முக்கக் கூடாது, தகடு கோணும். வெளிப்புறம் ஈரக் கோணி போர்த்தினால் போதும்.

கெட்டுப்போவதும் காரணமும்

ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா? சூடு இருக்கிறது, சுத்தம் இல்லை. கோடு கோடாகத் தடித்து நிற்கிறதா? சுத்தம் இருக்கிறது, சூடு இல்லை, பெரும்பாலும் காற்று அடித்த பக்கம். மஞ்சள், நீலம் ஓடினால் 300-ஐத் தாண்டிவிட்டது. ஆறவிட்டு, மீண்டும் நவச்சாரம் போட்டு, குறைந்த தீயில் துடைத்தால் பெரும்பாலும் மீளும். நவச்சாரம் போட்டவுடன் பித்தளை பளிச்சிடாமல் புகை மட்டும் குபுக்கென்று வந்தால் அதிகச் சூடு, அந்த நேரத்தில் இன்னும் நவச்சாரத்தைக் கொட்டிப் பயனில்லை. கறுப்புத் திட்டு என்றால் கரிப்புகைத் தார் அல்லது எண்ணெய், மறுபடி சோடாவில் கொதிக்க வைப்பதைத் தவிர வழியில்லை. அடியில் ஒரு வளையம் மட்டும் கருகியிருந்தால் தகடு வைக்காமல் பர்னரில் வைத்ததற்கு அதுவே அடையாளம். பூசிய இரண்டாம் நாள் பச்சை கசிந்தால் நவச்சாரம் தங்கிவிட்டது. பூசி ஆறியதும் வெந்நீரில் சமையல் சோடா போட்டு இரண்டு முறை கழுவாததன் விளைவு.

முதல் முறை புளித்தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுச் சமையலுக்கு எடுங்கள். குழம்பு, ரசம், பாயசம் எல்லாம் நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும், பூச்சுக்கு ஆபத்தில்லை. வெறும் சட்டியைத் தீயில் விட்டுவிட்டுப் போவதும், மிளகாய் வறுப்பதும், அதில் எண்ணெய் காயவிட்டுத் தாளிப்பதும்தான் 232-ஐத் தாண்டும். தாளிப்பைத் தனி இரும்புக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். முழுக்க ஈயத்தாலேயே ஆன ஈயச்சொம்புக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும், ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சில நிமிடத்தில் பர்னர் மேல் உருகிக் கிடக்கும்.

தேய்க்கும்போது இரும்பு நாரை விட்டுத் தேங்காய் நாரைப் பிடியுங்கள். உட்புறத்தில் பித்தளையின் மஞ்சள் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிய ஆரம்பித்தால் புளி சேர்த்த சமையலை அதில் நிறுத்திவிட்டு, மறுபடி உலையைப் பற்ற வையுங்கள். இம்முறை பழைய ஈயத்தைச் சுரண்டத் தேவையில்லை. அது நல்ல வெள்ளீயம் என்று உறுதியாகத் தெரிந்தால், அதன் மேலேயே நவச்சாரம் போட்டுப் பூசலாம்.